ஐஸ் வெளியே, வெக்கை உள்ளே

திண்டுக்கல்
5.3.1999, வெள்ளி இரவு

அன்புள்ள அண்ணனுக்கு ரோசலின் எழுதுவது.

நீ போகும்போது என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சேலத்து முகவரியை எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். இன்றைக்குத்தான் பார்த்தேன். இந்த நான்கு நாளில் அம்மா உன் நீலச் சட்டையை மூன்று முறை துவைத்துவிட்டாள். நீ விட்டுப்போனது அந்த ஒரு சட்டைதான்.

அடுப்படியில் ஜீரோ வாட் பல்பை மட்டும் போட்டு எழுதுகிறேன். அப்பா முன்னறையில் படுத்திருக்கிறார். குறட்டை கேட்கும்வரை எழுதுவேன், நின்றால் பேனாவை மூடிவிடுவேன். அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும், திட்டாதே.

நேற்று ஆண்டனிராஜ் மாமா வந்தார். டாக்சி ஸ்டாண்டில் அப்பா வண்டிக்கு அடுத்த வண்டி அவருடையதுதானே, ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எல்லாம் பார்த்தவர். ஆனாலும் அப்பா அவருக்கே திரும்பச் சொன்னார்.

"கொடைரோட்டுல ரயில் இறங்குன மெட்ராஸ் குடும்பம்யா. ஏசி அம்பாசிடர்னு நம்பி ஏறுனாக. பத்து நிமிசம் குளுந்துச்சு, அப்புறம் ஒண்ணுமில்ல. வத்தலக்குண்டு தாண்டல, கைப்பிள்ள வேர்த்து அழுகுது. நடுரோட்டுல இறங்கி வேற வண்டி புடிச்சுப் போயிட்டாக."

"சரிய்யா, வண்டி மக்கர் பண்ணுச்சு. அதுக்குப் பெத்த பிள்ளைய, அம்புட்டு டிரைவர் நிக்கையில, 'நீ படிச்ச படிப்புக்கு ஐஸ் வண்டி தள்ளப் போ'ன்னு சொல்லுவியா?"

அதற்கு அப்பா, அந்த ஏசிப் பெட்டியைக் கழற்றிவிடப் போகிறேன் என்றார். வத்தலக்குண்டில் ஒருவர் தன் ஜீப்புக்குக் கேட்டிருக்கிறாராம். ஜீப்புக்குப் பெயிண்ட் வேலை நடக்கிறது. முடிந்ததும், ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறுக்கு மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு வருவாராம். நீ டிசம்பரில் பதினோரு நாள் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக் கிடந்து மாட்டியதை எவரோ கொண்டுபோகப் போகிறார்கள்.

அண்ணே, இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துவிடு. ஏசி கெட்டது உன்னால் இல்லை. என்னால்.

பானெட்டைத் திறந்து ஒரு குழாயில் கறுப்பு மூடியைக் காட்டி, "இதுக்குள்ளதான் கேஸ் இருக்கு, தொடாத" என்று சொன்னாய் அல்லவா? பிப்ரவரியில் ஒருநாள் அப்பா வண்டியைக் கழுவிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். நான் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே நம் சைக்கிள் டியூப் வால்வு மாதிரியே ஊசி இருந்தது. காற்று இருக்கிறதா என்று டியூபில் பார்ப்பதுபோல் ஹேர்பின்னால் அழுத்திவிட்டேன். உஸ்ஸென்று சீறியது. விரல் வெள்ளையாகி மரத்துப்போனது. மூடியை மாட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

நீ திட்டு வாங்கும்போது அருகில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அப்பாவிடம் சொல்ல பயமாக இருக்கிறது. அவர் அடிப்பாரென்று இல்லை. உன்னிடம் பேசாமல் இருப்பதுபோல் என்னிடமும் பேசாமல் போய்விட்டால் இந்த வீட்டில் யாரிடம் பேசுவது?

பதிலை இங்கே போடாதே. பேகம்பூரில் பர்ஹானா வீட்டு முகவரிக்குப் போடு, பின்னால் எழுதியிருக்கிறேன். என் வகுப்புதான். தினமும் அவள் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறேன். அவள் அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது.

குறட்டை நின்றுவிட்டது.

ரோசலின்


சேலம்
9.3.99

அன்புள்ள ரோசிக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழித்தால் உன்னை மிரட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது.

விரல் இப்போது எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது. அந்த கேஸ் கண்ணில் பட்டால் கண் போய்விடும். இனி அந்த மூடிப் பக்கம் போனால் நானே உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்.

இங்கே நன்றாக இருக்கிறேன். கார் ஏசி மட்டும் பார்க்கிற கடை. ஒரு நாளைக்கு நான்கைந்து வண்டி வரும். கடைக்கு மேலே தங்குகிற அறை. ஓனர் நல்ல மனிதர், மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வருகிறது. என் வேலையைப் பார்த்துவிட்டு "எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டார். ஐடிஐயில் என்றேன். ஐஸ் வண்டியில் என்று சொல்லவில்லை.

உன் அப்பா அந்தப் பெட்டியைக் கழற்றிக் கொடுப்பதானால் கொடுக்கட்டும். அது நான் முதன்முதலாக என் கையால் மாட்டிய ஏசி. அதை எடுத்து வேறொருவனுக்குக் கொடுத்த பிறகு அந்த வீட்டு வாசலில் நான் வந்து நிற்க மாட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்லாதே. நீ தெரிந்துகொள்.

இப்போது உன் விஷயம். இரண்டு விநாடியில் எல்லா கேஸும் போய்விடாது, கொஞ்சம்தான் போயிருக்கும். ஆனால் வால்வு சரியாக மூடாமல் அன்றிலிருந்து கசிந்துகொண்டிருந்தால் இப்போது காலியாகியிருக்கும். சேலத்தில் உட்கார்ந்து என்னால் பார்க்க முடியாது. நீ பார்த்து எழுத வேண்டும்.

உன் அப்பா எப்போதாவது இன்ஜினை ஓடவிட்டு ஏசி சுவிட்சைப் போடுவார். அப்போது பெல்ட் ஓடுகிற கம்ப்ரசரைப் பார். முன்தட்டு டக்கென்று ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்ற வேண்டும். பிறகு, ரேடியேட்டர் ஓரம் கறுப்பாக ஓர் உருளை இருக்கும். அதன் தலையில் பத்துப் பைசா அளவுக்கு ஒரு கண்ணாடி. சோடா மாதிரி குமிழி ஓடினால் கேஸ் குறைவு என்று அர்த்தம். தெளிந்திருந்தால் ஒன்று நிறைய இருக்கிறது, அல்லது சுத்தமாக இல்லை. எது என்று குழாய் சொல்லும். டேஷ்போர்டுக்குள் போகிற இரண்டு குழாயில் மெலிந்தது சூடாகவும் தடித்தது சில்லென்றும் இருந்தால் கேஸ் இருக்கிறது.

பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. பின்னலைப் பின்னால் முடிந்துகொண்டு குனி.

ரொனால்டு


திண்டுக்கல்
14.3.1999, ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

விரல் நன்றாக இருக்கிறது. தோல் மட்டும் உரிந்தது, அம்மாவிடம் இட்லிச் சட்டி சுட்டது என்றேன்.

நீ "உன் அப்பா, உன் அப்பா" என்று எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன், மூன்று இடத்தில். அவர் உனக்கும் அப்பாதான்.

இன்றைக்குப் பூசை முடிந்து வந்ததும் ஆண்டனிராஜ் மாமா வண்டியைப் பார்க்க வந்தார். நான் பின்சீட்டிலிருந்து இறங்காமல், வேர்க்கிறது, ஏசி போடுங்கப்பா என்றேன். இதைச் சொல்வதற்கு நேற்று முழுவதும் பழகிப் பார்த்தேன்.

"ஏசியா? போடுறேன், பாரு உங்க அண்ணன் பண்ணி வச்ச அழக" என்று அப்பா சுவிட்சைப் போட்டுவிட்டு, மாமாவுக்குக் காட்டுவதற்காக பானெட்டையும் திறந்தார். நான் இறங்கி ஓடினேன்.

கம்ப்ரசர் தட்டு டக்கென்று ஒட்டியது, சுற்றியது. கண்ணாடியில் ஒரு குமிழிகூட இல்லை, கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவு. மெலிந்த குழாய் சூடு. தடித்த குழாயைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பத்து நிமிடத்தில் அதன்மேல் வெள்ளையாகப் பனி கட்டிவிட்டது, கம்ப்ரசர் வரைக்கும்.

அப்பா அதை நகத்தால் சுரண்டி மாமாவிடம் காட்டினார். "பாத்தியாய்யா? ஐஸ் வெளிய இருக்கு, வெக்கை உள்ள இருக்கு. படிச்சவன் வேல."

"வெளிய உக்காந்து போறவுகளுக்கு நல்லாருக்கும்ல" என்றார் மாமா. அப்பா சிரிக்கவில்லை.

பிறகு மாமா உள்ளே தலையை விட்டார். முதலில் கொஞ்சம் குளிர்ந்த காற்று வந்ததாம், போகப் போகக் குறைந்து இப்போது மூச்சு விடுகிற அளவுக்குத்தான் வருகிறது என்றார். ஃபேன் சத்தம் மட்டும் பெரிதாக இருந்தது. அப்புறம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "ஏன்யா ஞானராஜ், வண்டிக்குள்ள எதையும் பொதச்சு வச்சிருக்கியா? இம்புட்டு நாத்தம் அடிக்கிது."

அப்பா சட்டென்று பானெட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த நாற்றம் ஜனவரியிலிருந்தே இருக்கிறது. அம்மா இரண்டு தடவை வண்டிக்குள் சாம்பிராணி காட்டினாள், போகவில்லை. அதைப் பற்றி நான் எழுதக் கூடாது. செபஸ்தியார் மேல் சத்தியம் செய்திருக்கிறேன், எதற்கென்று கேட்காதே. ஏசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வண்டியை நிறுத்தி அரை மணி கழித்துப் பார்த்தபோது முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் குளமாக நின்றது. நான்தான் துணி போட்டுத் துடைத்தேன்.

கேஸ் இருக்கிறதா, போய்விட்டதா? சீக்கிரம் எழுது. குருத்து ஞாயிறுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. ஜீப்புக்கு ஒரு பக்கம் பெயிண்ட் அடித்தாகிவிட்டதாம்.

ரோசலின்


சேலம்
18.3.99

ரோசி,

நீ தப்பித்தாய். கேஸ் இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஹேர்பின் விஷயத்தை இனி மனதில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்காதே. நீ பார்த்து எழுதியதை ஓனரிடம் படித்துக் காட்டினேன். "எழுதுனது எந்த மெக்கானிக்?" என்று கேட்டார். எட்டாம் வகுப்பு என்றேன்.

நடப்பது இதுதான். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற பெட்டிக்குள் கூலிங் காயில் இருக்கிறது. ஃபேன் வண்டிக்குள் இருக்கிற காற்றை இழுத்து அந்தக் காயில் வழியாகத் தள்ளும். காற்று குளிர்ந்து முகத்துக்கு வரும். உன் அப்பா வண்டியில் காயில் குளிர்கிறது, ஆனால் அதன் வழியாகக் காற்று போகவில்லை. குளிரை எடுத்துப்போக ஆள் இல்லாததால் அது அங்கேயே பனியாகக் கட்டுகிறது. பனி மிச்சம் இருக்கிற வழியையும் அடைக்கிறது. நிறுத்தினால் உருகிக் குளமாகிறது. அவர் சொன்னது சரிதான், ஐஸ் வெளியே, வெக்கை உள்ளே. ஏன் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஆக, காயிலின் வாயில் ஏதோ அடைத்திருக்கிறது. நாற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால் எலி கூடு கட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். உன் சத்தியம் எனக்கு வேண்டாம்.

இன்ஜின் ஓடாதபோது, சாவி வண்டியில் இல்லாதபோது மட்டும் இதைச் செய். முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் படுத்து மேலே பார்த்தால் பெட்டியின் அடித்தட்டில் நான்கு ஸ்க்ரூ. நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் என் பழைய டப்பாவில் இருக்கிறது. தட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார். கையை விடாதே, குச்சியால் இழு. காயிலின் தகடுகள் பிளேடு மாதிரி இருக்கும்.

என்ன கிடைத்தாலும் எழுது.

ரொனால்டு


திண்டுக்கல்
24.3.1999, புதன் இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

எலி இல்லை.

நேற்று மத்தியானத்துக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. அம்மா ரேஷனுக்குப் போயிருந்தாள். அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார், வண்டி வாசல் வேப்பமரத்தடியில் நின்றது. உன் டப்பாவில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் நீ சொன்ன மாதிரியே படுத்தேன். மூன்று ஸ்க்ரூ உடனே வந்தது. நான்காவது கடைசிவரை வரவில்லை, தட்டை அதிலேயே தொங்கவிட்டுத் திருப்பினேன். அதை எதற்கு அவ்வளவு முறுக்கினாய்?

தட்டு விலகியதும் என் முகத்தில் ஈரமாக ஏதோ விழுந்தது. கத்தாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். நனைந்த தலையணைப் பஞ்சு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு கொத்து. குச்சியை விட்டு இழுத்தால் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. கடைசியாக நீளமாக ஒன்று வந்தது. சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. அதை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதன் சொந்தக்காரன் என் முழங்காலைக் கொத்தியிருக்கிறான்.

இறகு, அண்ணே. கோழி இறகு.

இனிச் சத்தியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜனவரியில் செபஸ்தியார் திருவிழாவுக்கு நீ மதுரையில் பயிற்சியில் இருந்தாய். அன்னதானத்துக்கு ஊர் ஊராக நேர்ந்துவிட்ட காணிக்கைக் கோழிகளை ஆண்டனிராஜ் மாமா வேனில் கொண்டுவந்ததாக அப்பா உன்னிடம் சொன்னார். வேனில் இல்லை. நம் வண்டியில்தான். நாற்பத்தோரு கோழி, மூன்று நடை. பின்சீட்டில் கூடை, முன்னால் என் காலடியிலும் கூடை. கண்ணாடியை இறக்கினால் கோழி பறந்துவிடும், ஏற்றினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். செத்த கோழியைக் கோவிலுக்குக் கொடுக்க முடியாது. அதனால் அப்பா ஏசியைப் போட்டார். "இந்த ஜில்லாவுலயே ஏசியில போன கோழி இதுகதான்" என்று அன்றைக்கு அவருக்கு ஒரே சந்தோஷம். ஏசி வண்டியில் ஆடு கோழி ஏற்றக் கூடாது என்று நீ முன்பே சொல்லியிருந்ததால் என்னிடம் சத்தியம் வாங்கினார். அதற்குப் பிறகு குளிர்காலம், யாரும் ஏசி கேட்கவில்லை. பிப்ரவரிக் கடைசி வெயில் வரைக்கும் எதுவும் தெரியவில்லை.

நான் இறகைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது கதவு திறந்தது.

"ஏ பிள்ள, என்ன பண்ற?"

அப்பா. அந்தச் சிவப்பு இறகை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். செத்த நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மேட்டுப்பட்டிச் சேவலுல்ல" என்றார்.

அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் அழ ஆரம்பித்தேன். அழுகையோடு ஹேர்பின், வால்வு, விரல், உனக்குக் கடிதம் எழுதியது, பர்ஹானா வீடு எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

"இம்புட்டு நாளும் இதையா வயித்துல வச்சிக்கிட்டுத் திரிஞ்ச?"

"ஆமா."

"அதான் சரியா திங்கலயா?"

அவ்வளவுதான் கேட்டார். எழுந்து வந்து என் தலையில் ஒட்டியிருந்த இறகை எடுத்தார். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். வாசல் முழுக்க இறகு, நான் அழுகிறேன், அப்பா கையில் இறகோடு நிற்கிறார். விஷயம் தெரிந்ததும் சீமெண்ணெய் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு அப்பா உள்ளே போனதும் என்னிடம் சொன்னாள்: "ரொனால்டு செய்யிற மொத வேல நல்லபடியா முடிஞ்சா, இந்த வருசம் கோழியெல்லாம் என் வண்டியில கொண்டாந்து சேக்கிறேன்னு செபஸ்தியாருக்கு நேந்துக்கிட்டாருடி. நேத்திக்கடன் செஞ்சாரு, உங்க அண்ணன் வேல நாசமாப் போச்சு."

சாயங்காலம் அப்பாவும் நானும் பல் தேய்க்கும் பிரஷ் வைத்து இறகை எடுத்தோம். பாதிக்கு மேல் உள்ளே தகடுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வரவில்லை. ஏசி முன்பைவிடப் பரவாயில்லை, ஆனால் அரை மணியில் மறுபடியும் பனி கட்டுகிறது.

கோழி விஷயத்தை உனக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் மறுபடியும் ஜீரோ வாட் பல்பில் எழுதுகிறேன். அந்த ஜீப்காரரை வர வேண்டாமென்று சொல்லுங்கள் என்று அம்மா கேட்டதற்கு அப்பா, "சொன்ன சொல்ல எப்படி மாத்துறது? எதுக்கு மாத்துறன்னு கேட்டா கோழியச் சொல்லவா?" என்கிறார். திங்கட்கிழமை கழற்றிவிடுவார் போலிருக்கிறது.

நீ வா அண்ணே.

ரோசலின்


சேலம்
26.3.99

அன்புள்ள ரோசிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் ஒரு காருக்கு அடியில் படுத்துக்கொண்டு படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் தலை சைலன்சரில் இடித்துக்கொண்டது. ஏசியில் போன கோழி. நாற்பத்தொன்று.

அப்புறம் என் கருவிப் பெட்டியைத் திறந்தேன். அதைத்தான் இப்போது எழுத வேண்டும்.

ஏசிப் பெட்டிக்குள் காற்று நுழைகிற இடத்தில் ஒரு வலை வரும். கொசுவலை மாதிரி, சட்டம் போட்டது, உள்ளங்கை அளவு. தூசி, முடி, இறகு எதுவும் காயிலுக்குப் போகாமல் தடுப்பதற்கு என்றே கொடுக்கிறார்கள். நான் அதை மாட்டவில்லை. மாட்டிப் பார்த்தேன், காற்று கொஞ்சம் குறைந்தது. அப்பா முதன்முதலில் சுவிட்சைப் போடும்போது காற்று முகத்தில் அடிக்க வேண்டும், தலைமுடி பறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பறந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் சீப்பை எடுத்து வாரிக்கொண்டார். பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று வலையைக் கழற்றி என் கருவிப் பெட்டியில் போட்டேன். மறந்துவிட்டேன். அது இங்கே சேலத்தில், என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

வலை இருந்திருந்தால் நாற்பத்தொன்று இல்லை, நானூறு கோழி ஏற்றியிருந்தாலும் இறகு வலையில் நின்றிருக்கும். எடுத்து உதறிவிட்டுப் போயிருக்கலாம். ஸ்டாண்டில் அவர் திட்டும்போது என் வேலையில் குற்றமே இல்லை என்று நான் கத்தினேன். குற்றம் இருந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தை ஒளித்துப் படிக்காதே. அப்பாவிடம் கொடு. உனக்கு பயமாக இருக்கும், எனக்கும்தான். ஆனாலும் கொடு. அவர் என்னைக் கூப்பிட வேண்டாம், ஒன்றும் சொல்ல வேண்டாம். பெட்டி வண்டியிலேயே இருந்தால் போதும். நான் வலையைக் கொண்டுவந்து, காயிலை இறக்கிக் கழுவி, மாட்டித் தருகிறேன்.

அவருக்கு மறுபடியும் கோழி ஏற்ற வேண்டியிருந்தாலும் ஏற்றட்டும்.

ரொனால்டு


திண்டுக்கல்
29.3.1999, திங்கள் இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

முன்னறையில் டியூப் லைட் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உன் கடிதம் சனிக்கிழமையே பேகம்பூருக்கு வந்துவிட்டதாம். சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லாததால் பர்ஹானா இன்றைக்குக் காலையில்தான் கொண்டுவந்தாள். அவள் சைக்கிள் பெல் அடிக்கும்போது வாசலில் புதுப் பச்சைப் பெயிண்டோடு அந்த ஜீப் நிற்கிறது. வத்தலக்குண்டுக்காரர் திண்டில் உட்கார்ந்து அம்மா கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். அப்பா நம் வண்டிக்குள் படுத்திருந்தார், கால் மட்டும் வெளியே தெரிந்தது. மூன்று ஸ்க்ரூ ஏற்கெனவே கழற்றித் தரையில் வைத்திருந்தார்.

நான் தெருவிலேயே நின்று உன் கடிதத்தைப் படித்தேன். அப்புறம் போய் அவர் காலைத் தட்டினேன்.

"அண்ணன் கடிதம்ப்பா. உங்ககிட்ட குடுக்கச் சொல்லிருக்கு."

படுத்தபடியே வாங்கிக்கொண்டார். வெகு நேரம் படித்தார். ஒரு பக்கம் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது, அவர் எத்தனை தடவை படித்தாரோ. வத்தலக்குண்டுக்காரர், "என்னண்ணே, வர மாட்டேங்குதா?" என்று கேட்டார்.

"நாலாவது ஸ்க்ரூ வர மாட்டேங்குதுப்பா" என்றார் அப்பா. "என் மகன் மாட்டுனது. அவன் வந்தாத்தான் வரும். நீ வேற பெட்டி பாத்துக்க."

"அப்ப அன்னைக்கு ஏசி வேல செய்யலன்னு சொன்னீக?"

"கோழி ஏத்துனேன்யா. நாப்பத்தோரு கோழி. இறகு அடச்சிக்கிச்சு."

அவர் காப்பியைச் சிந்திவிட்டார். இந்நேரம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்திருக்கும். சாயங்காலத்துக்குள் நம் ஸ்டாண்டுக்கும் வந்துவிட்டது. ஆண்டனிராஜ் மாமா வாசலில் நின்று கொக்கரித்துவிட்டுப் போனார். அப்பா கல்லெடுத்து எறிந்தார், படுகிற மாதிரி எறியவில்லை.

இப்போது அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"எழுது. காயிலைக் கழுவணும்னா கேஸ எறக்கணும், திரும்ப ஏத்தணும். அதுக்கு வேண்டிய சாமான அவனையே அங்கருந்து கொண்டாரச் சொல்லு. இங்க கெடைக்காது. வலைய மறந்துறாம எடுத்துட்டு வரச் சொல்லு. புனித வெள்ளியன்னைக்கு வேல செய்யக் கூடாது, அதனால சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வந்துறட்டும். ராத்திரி ஈஸ்டர் பாஸ்கா பூசைக்கு எல்லாரும் சேந்து போகலாம்."

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் என்ன? அம்புட்டுத்தான்."

பிறகு சொன்னார்: "நாத்தம் வந்த அன்னைக்கே எனக்கு மனசுல பட்டுச்சு, கோழியாத்தான் இருக்கும்னு. ஒத்துக்க முடியல. அவன் மேல போட்டுட்டேன். இத எழுதாத."

எழுதிவிட்டேன். இப்போது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுதியதைக் காட்டு என்கிறார். காட்டினேன். இந்த இடத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அதை அழிக்கச் சொல்லவில்லை. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்கிறார்.

அம்மா நீலச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறாள். ஈஸ்டருக்குக் கோழிக்குழம்பு வேண்டாம், ஆட்டுக்கறி எடுக்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். கழற்றிய மூன்று ஸ்க்ரூவும் என் ஜாமெட்ரி பாக்ஸில் பத்திரமாக இருக்கிறது.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு அவரே வண்டி கொண்டுவருவாராம். குருத்தோலைச் சிலுவை ஒட்டியிருக்கிறோம், தூரத்திலிருந்தே தெரியும். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கும், நீதான் போய்த் தட்ட வேண்டும். அவர் இறங்கி வர மாட்டார். ஆனால் நீ வருகிற பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றிருப்பார். அரை மணிக்கு மேல் அந்த ஏசி தாங்காது. அதனால் நீ கதவைத் திறக்கும்போது உள்ளே வெக்கையாகத்தான் இருக்கும். குளிர்கிறது என்று சொல்லு.

ரோசலின்